22,000 வருஷச் சாப்பாட்டுக் கணக்கு

ராயபுரம் கல்மண்டபத்துக்காரர்களுக்குச் சரித்திரப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் எங்கள் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது என்பதை, சென்ட்ரலுக்கு அவசரமாக ஓடுகிறவனைக்கூடப் பிடித்து நிறுத்திச் சொல்லுவோம். 1881 நவம்பரில் புயல் வந்து, கட்டி முடியும் தறுவாயில் இருந்த துறைமுகத்தைச் சுருட்டிக்கொண்டு போனதைச் சொல்லுவோம். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் குண்டு போட்ட ராத்திரியை, ஏதோ திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் மாதிரி விவரிப்போம். திருவொற்றியூர்க்காரர்கள் எங்களுக்கும் மேலே. கோவில் கல்வெட்டைக் காட்டி ஒரே தாவலில் சோழர் காலத்துக்குப் போய்விடுவார்கள்.

போகட்டும். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குக் கப்பல் விட்டான் அல்லவா? அந்தக் கப்பல்களுக்குக் கீழே தண்ணீரில் மிதந்துகொண்டிருந்த கோடானுகோடி பிரஜைகளுக்கு, தலைக்கு மேலே ஒரு பேரரசு போய்க்கொண்டிருக்கிறது என்பதே தெரியாது. அவர்களுக்குத் தலையும் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரே ஒரு செல், அதற்கு ஒரு சுண்ணாம்பு ஓடு, இன்றைக்குச் சாப்பாடு உண்டா இல்லையா என்கிற ஒரே கவலை. சோழன் மெய்க்கீர்த்தி எழுதினான். இவர்கள் சாப்பாட்டுக் கணக்கு எழுதினார்கள். மெய்க்கீர்த்தியில் எவ்வளவு மெய், எவ்வளவு கீர்த்தி என்று இன்னும் அடித்துக்கொள்கிறோம். சாப்பாட்டுக் கணக்கில் அந்தத் தகராறு குறைவு. செத்துக் கீழே விழுகிற செல்லுக்கு யாரையும் புகழவேண்டிய அவசியம் இல்லை.

இந்தப் பிரகிருதிகளுக்கு ஃபொராமினிஃபெரா என்று பெயர். பழகினவர்கள் ஃபொராம் என்பார்கள், நாமும் பழகிக்கொள்வோம். மணல் பருமன்தான், பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட வராது. வளர வளர ஒவ்வொரு அறையாகச் சேர்த்து வீட்டைச் சுருள் சுருளாகப் பெருக்கிக்கொண்டே போகும், கார்ப்பரேஷனில் பிளான் அப்ரூவல் எதுவும் வாங்காமல். சில இனங்கள் மேல்தண்ணீரில் மிதக்கும், சில இனங்கள் அடிச்சேற்றில் குடியிருக்கும். மிதக்கிறவர்களுக்கு ஆயுசு பெரும்பாலும் இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாசம். ஹாஸ்டிகெரினா என்று ஒரு இனம் பௌர்ணமி கழிந்த சில நாளில், தேதி தவறாமல், தன் உடம்பு மொத்தத்தையும் இனப்பெருக்க அணுக்களாகப் பிய்த்துத் தண்ணீரில் விட்டுவிட்டுக் காணாமல் போய்விடும். பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்தேன் என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொள்கிறோமே, இதற்குப் பக்கத்தில் நிற்கமுடியுமா? காலி ஓடு மட்டும் மெதுவாகக் கீழே இறங்கும், சேற்றில் படியும், அதன்மேல் அடுத்த தலைமுறை விழும்.

இந்த ஓட்டில் என்ன எழுதியிருக்கிறது? கட்டின அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருந்தது என்பது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் ஓட்டில் மக்னீசியம் கொஞ்சம் கூடுதலாக ஏறும். கடலில் மழைத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீரும் கலந்திருந்தால் ஓட்டில் உள்ள கனத்த ஆக்சிஜனுக்கும் லேசான ஆக்சிஜனுக்கும் இடையிலான விகிதம் மாறும். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்தக் காலத்துச் சூடும் உப்பும் தெரிந்துவிடும். சாப்பாட்டு விஷயத்துக்கு வேறு வழி: எந்த இனம் எத்தனை பேர் என்று தலையை எண்ணுவது. (தலை இல்லை என்று இப்போதுதான் சொன்னேன், ஓட்டை எண்ணுவது.) குளோபிஜெரினா புல்லாய்டிஸ் ஒரு சாப்பாட்டு ராமன். அடித்தண்ணீர் மேலே கிளம்பிப் பாசி கொழிக்கிற இடத்தில்தான் கூட்டம் கூட்டமாக இருப்பான். அரபிக் கடலில் பருவக்காற்று எப்போது பலமாக அடித்தது என்று பார்க்கிறவர்கள் முதலில் இவனைத்தான் எண்ணுவார்கள். குளோபிஜெரினாய்டிஸ் ரூபர் வேறு ரகம். தன் உடம்புக்குள்ளேயே பாசியைக் குடிவைத்து அது சமைப்பதில் பங்கு வாங்கிக்கொள்வான், பஞ்சத்திலும் பிழைத்துக்கொள்வான். சேற்றில் ராமன்கள் அதிகமா, ரூபர்கள் அதிகமா என்று பார்த்தாலே அந்த நூற்றாண்டின் சமையல்கட்டு தெரிந்துவிடும்.

இவர்களைவிடப் பொடிசுகளும் உண்டு. காக்கோலித் பாசிகள். இவற்றின் சுண்ணாம்புத் தகடுகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. இவ்வளவு பொடிசு தானாகவே அடிக்குப் போய்ச் சேர வருஷக்கணக்காகும். அதற்குள் கரைந்தே போய்விடும். அப்படியானால் எப்படிப் போய்ச் சேருகிறது? சின்னச் சின்ன மிதவைப் பிராணிகள் பாசியைத் தின்று, தகடு ஜீரணமாகாமல், விட்டைக்குள் வைத்துப் பொட்டலமாக அனுப்பி வைக்கின்றன. பொட்டலம் கனமாதலால் சில நாளில் அடி சேர்ந்துவிடும். ஆதிகாலக் கடலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு கணிசமான பகுதி விட்டை தபாலில் வந்தது. சரித்திரப் பேராசிரியர்கள் மேடையில் இதைச் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பொடிசுகளில் ஃப்ளோரிஸ்பேரா புரொஃபுண்டா என்று ஒன்று, வெளிச்சம் மங்கலாக விழும் ஆழத்தில், அறுபது மீட்டருக்கும் கீழே குடியிருக்கிறது. மேலே சாப்பாடு தாராளமாக இருந்தால் மேல்மாடிக்காரர்கள் பெருகி, இதன் பங்கு குறையும். மேலே பட்டினி என்றால் இதன் பங்கு கூடும். கீழ்மாடியில் இருப்பவன் கை ஓங்கியிருந்தால் மேல்மாடியில் அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். 1997-ல் ஃபிரெஞ்சுக்காரர் லுக் போஃபோர்ட் குழு மாலத்தீவுப் பக்கம் எடுத்த சேற்றில் இதை எண்ணித்தான் இந்தியப் பெருங்கடலின் பழைய விளைச்சலைக் கணக்குப் போட்டது.

இதெல்லாம் இன்றைக்குச் சுளுவாகச் சொல்லுகிறோம். இந்த இடத்துக்கு வந்து சேர மனிதகுலத்தின் பெரிய மூளைகள் பட்ட பாடு இருக்கிறதே, அதுதான் தனிக் கதை.

முதல் ஆள் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். நம்ம ஊருக்குச் சம்பந்தப்பட்டவர். 1840-களில் மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு துரைகள், கச்சேரி வேலை போக மீதி நேரத்தில், பாண்டிச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கமெல்லாம் கல்லாகிப்போன கிளிஞ்சல்களைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றை விவரித்து 1846-ல் அறிக்கை எழுதியவர் ஃபோர்ப்ஸ். தமிழ்நாட்டின் நடுவில் ஒரு காலத்தில் கடல் இருந்தது என்று கையில் சாட்சி வைத்துப் பார்த்த மனுஷன். அதே மனுஷன்தான் ஏஜியன் கடலில் வலை இழுத்துவிட்டு, 300 பாகத்துக்குக் கீழே கடலில் உயிரே கிடையாது என்று தீர்ப்பும் சொன்னார். காசிமேட்டு மீனவர்கள் இன்றைக்கும் ஆழம் சொல்லும் அதே பாகம்தான், ஆறு அடி. அவர் இழுத்த கடலோ பஞ்சத்துக்குப் பேர்போன கடல். இழுத்த பையோ ஓட்டை சின்னது, சேறு அடைத்துக்கொள்ளும். மீன்பாடு இல்லை என்றால் வலையைப் பார்ப்பான் மீனவன். துரை கடலையே கைவிட்டுவிட்டார்.

அடுத்தது தாமஸ் ஹக்ஸ்லி. டார்வினுக்காக ஊரோடு சண்டை போட்டவர், சாமானியப்பட்டவர் இல்லை. 1857-ல் தந்திக் கம்பி போடுவதற்காக அட்லாண்டிக் அடியைத் துழாவிய கப்பல் எடுத்த சேறு, சாராயத்தில் ஊறிப் பதினோரு வருஷம் பாட்டிலில் கிடந்தது. 1868-ல் ஹக்ஸ்லி அதைத் திறந்து பார்த்தார். கொழகொழவென்று ஒரு ஜெல்லி. துரைக்கு மெய்சிலிர்த்துவிட்டது. உலகத்தின் ஆதி உயிர் இதுதான், கடலடி முழுக்கப் பாய் விரித்த மாதிரி இது படர்ந்திருக்கிறது என்று நினைத்து, பாத்திபியஸ் ஹேக்கெலி என்று பெயரும் வைத்தார். தன் பெயர் வைத்த ஜெல்லியைப் பார்த்து ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் ஹேக்கெல் புல்லரித்துப்போனார். உயிரற்றதிலிருந்து உயிர் வந்த கதையில் விட்டுப்போன அத்தியாயம் கிடைத்துவிட்டது என்று இரண்டு தேசத்திலும் கொண்டாட்டம்.

1872-ல் சேலஞ்சர் என்ற ஆராய்ச்சிக் கப்பல் கிளம்பியது. மூன்றரை வருஷம், ஏறக்குறைய 69,000 கடல் மைல். உலகத்தையே சுற்றியது, வங்காள விரிகுடாவுக்கு மட்டும் வரவில்லை; கேப் டவுனிலிருந்து பனிக்கடலுக்கு இறங்கி நேரே மெல்போர்னில் போய்க் கரையேறியது. நம்மைப் பார்க்க வராதவர்களைப் பற்றி நல்லதாகச் சொல்ல மனசு வரவில்லை என்றாலும், கப்பலில் இருந்த ரசாயனக்காரர் ஜான் புக்கனனுக்கு ஒரு சபாஷ் போட்டே ஆகவேண்டும். எங்கே சேறு எடுத்தாலும் ஆதி உயிரைக் காணோம். சாராயம் ஊற்றி வைத்த பாட்டிலில் மட்டும் தெரிகிறது. புக்கனன் யோசித்தார். சுத்தமான கடல் தண்ணீரில் சாராயம் ஊற்றினார். ஜெல்லி வந்தது. கடல் தண்ணீரில் இருக்கிற கால்சியம் சல்ஃபேட், சாராயம் பட்டதும் பிரிந்து திரண்டிருக்கிறது, அவ்வளவுதான். சாராயம் உள்ளே போனால் இல்லாத உருவமெல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்பது ராயபுரத்தில் எட்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். லண்டனுக்குத் தெரிய ஏழு வருஷம் பிடித்தது. 1875-ல் ஹக்ஸ்லி தப்பை ஒத்துக்கொண்டார். ஹேக்கெல் அவ்வளவு சுலபத்தில் விடவில்லை. தன் பெயர் போகிறதே என்ற வருத்தம் யாருக்குத்தான் இருக்காது.

அதே கப்பலில்தான் இன்னொரு பஞ்சாயத்தும் தீர்ந்தது. ஃபொராம்கள் அடியில் வாழ்கின்றனவா, மேலே வாழ்ந்து செத்து அடிக்கு விழுகின்றனவா என்று பயணத்தின் தலைவர் வைவில் தாம்சனுக்கே சந்தேகம். அடியில்தான் என்பது அவர் கட்சி. கப்பலில் இருந்த இன்னொரு விஞ்ஞானி ஜான் மர்ரே சின்னக் கண்ணி வலையை மேல்தண்ணீரில் இழுத்துப் பார்த்தார். சேற்றில் கிடக்கிற அதே இனங்கள் உயிரோடு வலையில் விழுந்தன. ஒரு வலை இழுப்பில் முடிகிற விஷயத்துக்குப் பெரிய மனுஷர்கள் வருஷக்கணக்காகக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த கூத்து ஜெர்மனியில். முதல் உலகப்போரில் தோற்ற அந்த நாட்டின் மேல் 13,200 கோடி தங்க மார்க் தண்டம் விழுந்தது. ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற ரசாயன மேதை, கடல் தண்ணீரில் தங்கம் கரைந்திருக்கிறது, அதை வடிகட்டிக் கடனை அடைத்துவிடலாம் என்று திட்டம் போட்டார். சீட்டுக் கம்பெனிக்காரன்கூட இப்படிச் சொல்லக் கூச்சப்படுவான். 1925-லிருந்து 1927 வரை மீட்டியோர் கப்பல் தெற்கு அட்லாண்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாக உழுததற்கு அந்தத் தங்க ஆசையும் ஒரு காரணம். இருந்த தங்கம், நினைத்ததில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. கப்பல் கொண்டுவந்த சேற்றை மட்டும் உல்ஃப்கங் ஷாட் என்பவர் பொறுமையாக அலசினார். மெனார்டியை என்ற வெப்பம் விரும்பும் ஃபொராம் மேல்சேற்றில் இருக்கிறது, கொஞ்சம் கீழே காணாமல் போகிறது, அதற்கும் கீழே மறுபடி வருகிறது. நடுவில் காணாமல் போனது பனியுகம். 1935-ல் அவர் இதை வெளியிட்டார். கடன் அடையவில்லை. கடலின் நாட்குறிப்பைப் படிக்கும் வித்தை கிடைத்துவிட்டது.

பழைய கடலில் சாப்பாடு எவ்வளவு என்ற கேள்வியைச் சேற்றிடம் முதலில் உருப்படியாகக் கேட்டவர்களில் ஒருவர் சுவீடன்காரர் குஸ்தாஃப் அர்ரேனியஸ். 1947-48-ல் ஆல்பட்ராஸ் கப்பல் பசிபிக்கில் எடுத்த சேற்றை வைத்து, பனியுகத்தில் காற்று பலமாக அடித்து அடித்தண்ணீரைக் கிளப்பியதால் விளைச்சல் கூடியிருந்தது என்று 1952-ல் எழுதினார். இவருடைய தாத்தாதான் நிலக்கரி எரித்தால் பூமி சூடாகும் என்று 1896-ல் கையால் கணக்குப் போட்ட ஸ்வாந்தே அர்ரேனியஸ். தாத்தா வானத்துக் கணக்கு, பேரன் சேற்றுக் கணக்கு. நம் வீடுகளில் தாத்தா சொத்தைப் பேரன் விற்பதுதான் வழக்கம்.

வங்காள விரிகுடாவின் சேற்றுக்கு இந்த ராஜமரியாதை தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது கப்பலில் ஒரு கோபுரம் இருந்தது. ஜாய்டிஸ் ரெசொல்யூஷன், 1978-ல் எண்ணெய்க் கிணறு தோண்டக் கட்டின கப்பல், பிற்பாடு திருந்தி விஞ்ஞானத்துக்கு வந்தது. தண்ணீர்மட்டத்திலிருந்து 62 மீட்டர் உயரத்துக்கு நடுவில் இரும்புக் கோபுரம். 2006-ல் கடலடியில் பனிக்கட்டிபோல உறைந்துகிடக்கும் மீத்தேன் வாயுவைத் தேடி இந்திய அரசு அதை அழைத்தது. ஏப்ரல் 28-லிருந்து ஆகஸ்ட் 19 வரை வேலை, நடுவில் நம் சென்னைத் துறைமுகத்துக்கும் வந்து போனது. கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் வாயு கிடைத்தது, கூடவே சேறும் கிடைத்தது. வாயுவை எப்படி எடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். சேற்றைப் படிக்கிறவர்களுக்கு அந்தக் கவலை கிடையாது.

அதே கப்பல் 2014 நவம்பர் கடைசியில் பருவமழைக்கென்றே தனியாக வந்தது. பயண எண் 353. ஒடிசா கரைக்கு அப்பால், மகாநதி கொண்டுவந்து கொட்டுகிற இடத்தில், ஏறக்குறைய 1,430 மீட்டர் ஆழத்தில், யு1446 என்ற துளை. ஒன்பதரை மீட்டர் நீளக் குழாயை அழுத்தத்தால் சேற்றுக்குள் ஒரே குத்தாகக் குத்தி உருவுவார்கள். மேலே வந்ததும் ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஆராய்ச்சிக்கு, மறுபாதி யாரும் கைவைக்காமல் காப்பகத்துக்கு. இந்தியப் பெருங்கடல் சேறெல்லாம் கொச்சியில் இருக்கிறது. எர்ணாகுளத்துக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், இது ஜப்பான் கொச்சி.

ஏன் காசிமேட்டிலேயே தோண்டக்கூடாது என்று கேட்பீர்கள். பக்கம் கலைந்த புஸ்தகத்தைப் படிக்கமுடியாது, அதனால்தான். துறைமுகம் ஒரு பக்கம் தூர்வாருகிறது, அலை ஒரு பக்கம் மண்ணை அரிக்கிறது. விசைப்படகுகளின் மடி அடியைத் துழாவிக்கொண்டே இருக்கிறது. எண்ணூர்ப் பக்கம் போனால் அனல் மின்நிலையச் சாம்பலும் சேர்த்தி. 2017 ஜனவரி 28-ல் இரண்டு கப்பல் மோதி, கரையில் ஒதுங்கிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்களே, அந்தக் கறுப்பும் எங்கேயாவது படிந்திருக்கும். மாசுபட்ட சேற்றில் ஃபொராம்கள் அறை கோணி, சுருள் தப்பி, கூன் விழுந்த ஓடு கட்டும். அதை வைத்தே மாசின் அளவை எடைபோடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு நேர்த்தியாகக் கட்டுகிறவனைக் கோணலாகக் கட்டவைத்த பெருமை நமக்கு.

சேறு கைக்கு வந்தபின் நடப்பதைப் பார்த்தால் விஞ்ஞானத்தின் மேல் உள்ள பயம் போய்விடும். ஒரு சிட்டிகைச் சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசவேண்டும். களிமண் போய், வெள்ளையாகக் குருணை நிற்கும். அடுப்பில் உலர்த்தி, கறுப்புத் தட்டில் தூவி, நுண்ணோக்கியில் வைத்து, மூன்று சைபர் நம்பர் தூரிகையின் நுனியை ஈரமாக்கி ஒவ்வொரு ஓடாகத் தொட்டு எடுக்கவேண்டும். அவசரத்தில் நுனியை நாக்கில் தொடுகிறவர்களும் உண்டு. அவர்கள் வயிற்றிலும் கொஞ்சம் பனியுகம் போகும். எடுத்ததைக் கட்டம் போட்ட கறுப்பு அட்டையில் பசை தடவி ஒட்டவேண்டும். ஒரு மாதிரிக்கு 300 ஓடாவது எண்ணினால்தான் கணக்கு நிற்கும். அப்படிப் பல நூறு மாதிரி. அரிசியில் கல் பொறுக்கின அனுபவம் உள்ள யாரையும் உட்காரவைக்கலாம், ஒரு நிபந்தனையோடு: தும்மக்கூடாது. ஒரு தும்மலில் ஒரு நூற்றாண்டு பறந்துபோய் ஜன்னலில் ஒட்டிக்கொள்ளும்.

அந்த யு1446 துளையின் சேற்றை வைத்து, அரிசோனா பல்கலைக்கழகத்தின் கௌஸ்துப் திருமலை, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் யாயிர் ரோசந்தால் முதலானவர்கள் 2025-ல் நேச்சர் ஜியோசயன்ஸ் பத்திரிகையில் வெளியிட்ட கணக்கு 22,000 வருஷத்துக்கு நீள்கிறது. அதை நம் பாணியில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

காட்சி ஆரம்பிக்கும்போது பனியுகம். கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. இலங்கைக்கு நடந்தே போகலாம், விசா கிடையாது. ராயபுரம் கடற்கரை என்று ஒன்று கிடையாது, கரை கிழக்கே வெகு தூரம். கல்மண்டபத்தில் நின்றவனுக்குக் கடல்காற்று வீசியிருக்காது. கல்மண்டபமே கிடையாது என்பதால் அவனும் குறைப்பட்டிருக்கமாட்டான்.

அப்புறம் 17,500 வருஷத்துக்கு முன்னால் அட்லாண்டிக்கின் வடகோடியில் பனிமலைகள் உடைந்து கடலில் விழ ஆரம்பிக்கின்றன. உருகிய நன்னீர் பரவி, வெப்பத்தை வடக்கே சுமந்துபோகும் நீரோட்டம் தளர்ந்துபோகிறது. நடந்தது எங்கேயோ, அடி விழுந்தது இங்கே. நம் பருவமழை படுத்துவிட்டது, 15,500 வரை ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம். மழை இல்லை, காற்றும் பலமில்லை. காற்று இல்லையென்றால் கடல் கலங்காது. கலங்காவிட்டால் அடியில் கிடக்கும் சத்து மேலே வராது. வராவிட்டால் பாசி இல்லை, பாசி இல்லாவிட்டால் அதைத் தின்கிறவன் இல்லை. மேல்தண்ணீரில் சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கிறது. சாப்பாட்டு ராமன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த காலம்.

சரி, மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வந்தது மழை. ஏறக்குறைய 10,500-லிருந்து 9,500 வருஷத்துக்கு முன்னால்வரை, வடபாதியின் கோடைகாலத்தில் பூமி சூரியனுக்கு இன்றைவிட நெருங்கிப்போனதால், பருவமழை வெளுத்து வாங்கியது. சகாராவிலேயே புல் முளைத்த காலம். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி எல்லாம் கரைபுரண்டு வங்காள விரிகுடாவில் கொட்டின. கடலில் விருந்து களைகட்டியிருக்கும் என்று சேற்றைத் திறந்து பார்த்தால், மறுபடியும் பட்டினி. மறுபடியும் பாதி.

காரணம் ரொம்ப எளிது. ரசம் வைத்து இறக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் தெளிவு மேலே நிற்கும், மண்டி அடியில் தங்கும். கரண்டி போட்டுக் கலக்கினால்தான் சாதத்துக்கு ருசி. நன்னீர் உப்புத் தண்ணீரைவிட லேசு. ஆறுகள் கொட்டின தண்ணீர் கடல்மேல் தெளிவாகப் படர்ந்து மூடிவிட்டது. காற்று அடித்தாலும் அந்தத் தெளிவைத் தாண்டி மண்டியைக் கிளப்ப முடியவில்லை. சத்தெல்லாம் கீழே, வாயெல்லாம் மேலே.

ஆக, மழை பொய்த்தாலும் பட்டினி, மழை கொட்டினாலும் பட்டினி. மாப்பிள்ளை வீட்டார் மாதிரி: காப்பி சூடு குறைந்தாலும் குற்றம், கூடினாலும் குற்றம் என்று எழுத ஆசைதான், ஆனால் அதனால் கடலைப் பற்றிய நம் அபிப்பிராயம் கெட்டுவிடும். நடுத்தரமான மழையில்தான் இந்தக் கடல் நன்றாகச் சமைத்திருக்கிறது. நாமும் நம் முன்னோர்களும் வலை வீசத் தோதாக அமைந்தது அந்த நடுத்தரம்தான். உலகக் கடல் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லாத வங்காள விரிகுடா, உலக மீன் உற்பத்தியில் ஏறக்குறைய எட்டு சதவீதம் தருகிறது என்கிறார்கள் அந்த ஆய்வுக்காரர்கள்.

இதெல்லாம் தென்மேற்குப் பருவமழை சங்கதி, நமக்கு ஐப்பசி கார்த்திகைதானே என்று ஒதுங்கவும் முடியாது. வடக்கே ஆறுகள் கொட்டின நன்னீர், அந்த மாதங்களில்தான் கிழக்குக் கரையை ஒட்டியே ஒரு நீரோட்டமாகத் தெற்கே இறங்குகிறது. கங்கைத் தண்ணீரில் கொஞ்சம் நம் வாசல் வழியாகத்தான் போகிறது. காசிக்குப் போக வசதியில்லாதவர்கள் கார்த்திகையில் காசிமேட்டில் ஒரு முழுக்குப் போடலாம். புண்ணியம் உத்தரவாதம் இல்லை, துறைமுகத் தண்ணீர் மூக்கில் ஏறுவது உத்தரவாதம்.

எங்கள் தெருவில் ஒரு மாமா, விசைப்படகில் டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் அறுபத்தொரு நாளும் வலை தைத்துக்கொண்டு வீட்டில்தான் இருப்பார். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமலே கேட்டார்.

"அப்ப ரெண்டாயிரம் வருஷம் மீனே இல்லன்றியா?"

"பாதிதான் மாமா சாப்பாடு. மீன் எவ்ளோன்னு சேத்துல தெரியாது."

"அப்ப இன்னாத்துக்குடா அந்தக் கப்பலு? மீன் எங்க போச்சுன்னு நான் சொல்றேன் கேளு. சுருக்குமடி போட்டு வாரிட்டான், ரெட்டைமடி போட்டு அடியோட சுரண்டிட்டான். அத உன் ஒத்தச் செல்லு எழுதி வெச்சுக்குதா?"

எழுதி வைக்கவில்லை. மாமா பிடித்தது நியாயமான பிடி. ஃபொராம் சொல்வது கடல் எவ்வளவு சமைத்தது என்பதை. அதை யார் வாரிக்கொண்டு போனார்கள் என்பது அதன் கணக்கில் வராது. பனியுகத்தில் சுருக்குமடி இல்லை, டீசல் மானியம் இல்லை. சமையலே பாதியாகும்போது வாருகிற கை மட்டும் அதே வேகத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 22,000 வருஷத்தில் ஒரு முன்மாதிரியும் கிடையாது. அதை முதன்முதலாக நடத்திப் பார்க்கப்போவது நாம்தான்.

பூமி சூடேறினால் பருவமழை பொய்ப்பது, கொட்டித் தீர்ப்பது என்ற இந்த இரண்டு கோடியும் அதிகமாகும் என்றுதான் கணினிக் கணிப்புகள் சொல்லுகின்றன. சென்னைக்காரனுக்கு ஒத்திகை முடிந்துவிட்டது: 2015 டிசம்பரில் படகு வைத்து ஆளை மீட்டோம், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிதண்ணீர் வந்தது. தென்னிந்தியாவில் முதல் ரயில் விட்ட ஊர் என்று பெருமைப்பட்டோமே, அந்த ஊருக்கு ரயில் தண்ணீர் சுமந்து வந்தது.

ஜாய்டிஸ் ரெசொல்யூஷன் 2024 ஆகஸ்டில் கடைசிப் பயணத்தை முடித்துக்கொண்டது. அமெரிக்கா பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கப்பல் போனாலும் சேறு எங்கேயும் போகவில்லை. ஜப்பான் கொச்சியின் குளிர்அறையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், பெரும்பகுதி இன்னும் யாரும் எண்ணாதது. கிண்டி வளாகத்திலோ மாநிலக் கல்லூரியிலோ நிலவியல் படிக்கும் வடசென்னைப் பிள்ளைகளே, முறைப்படி விண்ணப்பித்தால் ஆராய்ச்சிக்கு மாதிரி அனுப்புகிறார்கள். எந்தத் துளை, எந்த ஆழம், எத்தனை கன சென்டிமீட்டர், எதற்கு என்று எழுதவேண்டும். நம் கடலின் சாப்பாட்டுக் கணக்கை நாம் எண்ணாவிட்டால் வேறு யாராவது எண்ணிவிடுவார்கள். விண்ணப்பத்தைப் போடுங்கள்.